பள்ளி வாசலைத் திறந்த அய்யன்காளி

பசித்தவனுக்கு அன்னமிடுவது தர்மம். அவன் ஏன் நாள்தோறும் பசித்திருக்கிறான் என்று கேட்டு, அந்தக் காரணத்தை நீக்கப் பாடுபடுவதும் தர்மம். முதலாவதைச் செய்யக் கையில் அரிசி இருந்தால் போதும். இரண்டாவதைச் செய்ய, அரசிடம் முறையிட வேண்டும். நல்ல ஆணை பெற வேண்டும். பெற்ற ஆணை ஊரில் நடக்கும்படி மக்களோடு சேர்ந்து நிற்க வேண்டும். இம்மூன்றையும் செய்த ஒருவரின் வாழ்க்கையே இந்தப் பாடம்.

ஒரே மண்

திருவிதாங்கூரில் தாழ்த்தப்பட்ட மக்கள் தலைநிமிர, அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். எல்லாக் குலத்தாரும் ஒன்றாய் நீர் எடுக்க முந்திரிக்கிணறு அமைத்தார். 1851-இல் அய்யா வைகுண்டம் சென்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1863 ஆகஸ்ட் 28 அன்று, அதே அரசின் கீழ், திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வெங்ஙானூரில் அய்யன்காளி பிறந்தார்.

அவர் புலையர் குலத்தவர். ஊருக்கே நெல் விளைவித்த அம்மக்களுக்குப் பொதுவழியில் நடக்க உரிமை இல்லை. நல்ல துணி உடுத்தவும் தடை இருந்தது. பள்ளிக்கூடத்தின் அருகே செல்லவும் இயலாது. அய்யன்காளியும் எழுத்தறியாதவராகவே வளர்ந்தார்.

வழியில் ஓடிய வண்டி

1893-இல் அவர் ஒரு வில்வண்டி வாங்கினார். வெள்ளை வேட்டி உடுத்து, தலைப்பாகை கட்டி, தடுக்கப்பட்ட பொதுவழியில் அந்த வண்டியை ஓட்டிச் சென்றார். எதிர்த்தவர்கள் வழிமறித்தார்கள், அவர் பின்வாங்கவில்லை. பொதுவழி என்றால் எல்லோருக்கும் உரியது என்பதை அந்த வண்டிச் சக்கரமே எடுத்துச் சொன்னது. ஒருவர் துணிந்ததைக் கண்டு, பிறகு பலர் அவரோடு வழியில் நடந்தார்கள்.

வயலில் இறங்காத கைகள்

1904-இல் வெங்ஙானூரில் தம் குலத்துப் பிள்ளைகளுக்காக அவர் ஒரு பள்ளிக்கூடம் கட்டினார். அதைப் பகைவர்கள் தீயிட்டு எரித்தார்கள். தனியாக ஒரு கூரை போடுவதால் மட்டும் பயனில்லை, அரசுப் பள்ளிகளே திறக்க வேண்டும் என்று அவர் கேட்கத் தொடங்கினார். 1907-இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார்.

பிள்ளைகளைச் சேர்க்க அரசு இசைந்தது. ஆனால் ஊரில் இருந்த அதிகாரிகளும் நிலம் உடையவர்களும் அதை நடக்கவிடவில்லை. அப்போது அய்யன்காளி, எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விடாவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று சொல்லிவிட்டார். உழைப்பாளிகள் வயலில் இறங்கவில்லை. நாற்று இல்லை, நடவு இல்லை. பட்டினி வந்தது. அந்த நாளில் கடலோரத்து மீனவர்கள் அவர்களைத் தங்கள் தொழிலில் சேர்த்துக்கொண்டு கைகொடுத்தார்கள். கூலி உயர்வை மட்டும் கேட்டு நடந்த வேலைநிறுத்தம் அல்ல அது. எழுத்துக்காகப் பட்டினி கிடந்த மக்களின் வேலைநிறுத்தம். இறுதியில் அரசு தலையிட்டு உடன்பாடு செய்தது.

சபையில் எழுந்த குரல்

1911-இல் ஸ்ரீமூலம் பிரஜா சபைக்கு அவர் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். கையெழுத்தையும் கற்றுக்கொள்ள வழியின்றி வளர்ந்தவர், ஆள்வோரின் அவையில் அமர்ந்து, குடியிருக்க நிலமும், பிள்ளைகளுக்குப் படிப்பும், படித்தவர்க்கு அரசு வேலையும் கேட்டார். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தச் சபையில் அவர் குரல் ஒலித்தது.

பஞ்சமியின் பெஞ்சு

ஆணை வந்துவிட்டது, ஆனால் வாசல் திறக்கவில்லை. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியைக் கைப்பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்று பெஞ்சில் உட்காரவைத்தார். மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வெளியேறினார்கள். கலகம் மூண்டது, அந்தப் பள்ளிக்கூடமும் எரிந்தது. இன்று அதே பள்ளி அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது.

1915-இல் கொல்லம் அருகே பெரிநாட்டில் புலையர் பெண்கள், அடிமை அடையாளமாகக் கழுத்தில் சுமந்த கல்மாலைகளைக் கழற்றி எறிந்தார்கள். அதற்கும் கலகம் வந்தது. கொல்லத்தில் கூடிய பெருங்கூட்டத்தில், பிற குலத்துப் பெரியவர்களும் இருந்த மேடை முன்பாக, அய்யன்காளி சொல்ல, பெண்கள் மாலைகளை அறுத்துக் குவித்தார்கள். பகையை வளர்க்காமல், உரிமையையும் விடாமல், பலர் அறியச் செய்தார்.

அவர் கேட்ட வரம்

1937-இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, அய்யன்காளி தமக்கென எதையும் கேட்கவில்லை. தம் குலத்தில் பத்துப் பேராவது பி.ஏ. பட்டம் பெறுவதைத் தாம் கண்மூடுமுன் காணவேண்டும் என்றார். 1941 ஜூன் 18 அன்று அவர் மறைந்தார். எழுதத் தெரியாத ஒருவர் பிறர் பிள்ளைகளின் எழுத்துக்காக எண்ணிப் பார்த்த கணக்கு அது.

பாடம்

வண்டி ஓட்டியது துணிவு. சபையில் கேட்டது முறையீடு. வயலில் இறங்காதது ஒற்றுமை. சிறுமியின் கையைப் பிடித்து வாசல்வரை நடந்தது அன்பு. இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் ஆணை காகிதமாகவே இருந்திருக்கும்.

இன்றும் உதவித்தொகைக்கும் சான்றிதழுக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் சட்டம் உண்டு. விண்ணப்பம் எழுதத் தெரியாததால், அலுவலகப் படி ஏற அஞ்சுவதால், அவை கிடைக்காத வீடுகள் ஒவ்வொரு தாங்கலைச் சுற்றிலும் உண்டு. அன்னதர்மம் முடிந்தபின் அத்தகைய ஒரு வீட்டுக்குப் போய், ஒருவரோடு துணையாக அந்தப் படி ஏறுவதும் பணிவிடையே.

பிள்ளைகளிடம் கேட்க:

1. பள்ளிக்கான அனுமதி வந்தபின்னும் அய்யன்காளி ஏன் ஓயவில்லை?
2. பட்டினி கிடந்த உழைப்பாளிகளுக்கு யார் கைகொடுத்தார்கள்? அதிலிருந்து நாம் அறிவது என்ன?
3. நம் ஊரில் எந்த வாசல் இன்னும் யாருக்குத் திறக்கவில்லை? அவரோடு நடந்து போக யார் ஆயத்தம்?

அய்யா உண்டு.