கைக்குழந்தைக்காரியின் தொழுகை

“கலியாணத்திற்கு முன் தஹஜ்ஜுத் தொழுகையைக்கூட விட்டவளில்லை, இப்போதோ ஐந்து வேளை பர்ளுக்கே தடுமாறுகிறேன். என் ஈமான் குறைந்துபோய்விட்டதோ?” என்று உள்ளுக்குள் வெதும்பும் இளந்தாய்மார் நம் ஊர்களில் எத்தனையோ பேர். இடுப்பில் ஒன்று, முந்தானையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று, அடுப்பில் உலை. தக்பீர் கட்டியதும் அழுகை தொடங்கிவிடும். அந்நேரம் பார்த்து மாமியார், “நாங்களெல்லாம் ஏழெட்டுப் பெற்றும் தொழாமலா இருந்தோம்?” என்று ஒரு வார்த்தை விட்டால் போதும், அன்றைய பொழுதே அவளுக்கு இருண்டுவிடும்.

இத்தகையவளைத் தொழவிடாமல் தடுப்பது பெரும்பாலும் குழந்தையன்று, மஸ்அலா தெரியாமையே. உடுப்பில் குழந்தை நனைத்திருக்குமோ என்ற ஐயத்தில் லுஹரை விடுகிறாள். குளித்துவிட்டு அஸரோடு சேர்த்துக் களாச் செய்வோம் என்கிறாள். குளிக்கப் போகுமுன் பிள்ளை விழித்துக்கொள்கிறது. இரவு தலை சாய்க்கும்போது நான்கு வக்து களாவும், ‘நான் எதற்கும் ஆகாதவள்’ என்ற எண்ணமும்தான் மிஞ்சுகின்றன.

முதலில் அண்ணல் நபி (ஸல்) அவர்களின் நடைமுறையைப் பாருங்கள். தம் மகளார் ஜைனப் (ரலி) அவர்களின் குழந்தை உமாமாவைச் சுமந்தவாறே அவர்கள் தொழுதிருக்கிறார்கள். ஸஜ்தாவுக்குச் செல்கையில் கீழே இறக்கிவைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொள்வார்கள். அபூ கதாதா (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. ஜமாஅத் நடக்கையில் ஒரு குழந்தை அழும் ஓசை கேட்டால், தாயின் மனம் படும் பாட்டை எண்ணி, நீட்ட நினைத்த தொழுகையைச் சுருக்கிவிடுவார்கள். பேரப்பிள்ளை முதுகில் ஏறிக்கொண்டபோது அது இறங்கும்வரை ஸஜ்தாவை நீட்டினார்கள் என்று நஸாயீயில் காண்கிறோம். (பள்ளிவாசலில் குழந்தைச் சத்தம் கேட்டதும் கண்ணை உருட்டும் பெரியவர்கள் இதைச் சற்று மனத்தில் கொள்ளட்டும்.)

இனி நஜீஸ் விஷயம். இதில்தான் நம் பெண்கள் அதிகம் அவதிப்படுகிறார்கள். உம்மு கைஸ் (ரலி) அவர்கள், இன்னும் உணவு உண்ணத் தொடங்காத தம் ஆண் குழந்தையை நபியவர்களிடம் கொண்டுவந்தபோது, அது அவர்களின் மடியில் சிறுநீர் கழித்துவிட்டது. நபியவர்கள் தண்ணீர் வரவழைத்து அந்த இடத்தில் தெளித்தார்கள். இதைக் கொண்டே ஷாபிஈ மத்ஹபில், பாலைத் தவிர வேறு ஆகாரம் உண்ணாத, இரண்டு வயது நிறையாத ஆண் குழந்தையின் சிறுநீர் பட்ட இடம் முழுதும் நனையுமாறு தண்ணீர் தெளித்தால் போதும் என்றனர். பெண் குழந்தையாயின் கழுவ வேண்டும். ஹனபி மத்ஹபில் இரண்டுக்குமே கழுவுதல்தான். எதுவாயினும் பட்ட இடத்தைச் சுத்தம் செய்தால் போதும். அதற்காகத் தலைமுழுக வேண்டியதில்லை. பட்டதா இல்லையா என்று ஐயமாயிருந்தால் கழுவவும் வேண்டியதில்லை. உறுதியாக இருந்த சுத்தம் வெறும் சந்தேகத்தால் நீங்காது என்பது பிக்ஹின் அடிப்படை விதி.

தாய்ப்பால் நஜீஸன்று. பாலூட்டுவதால் ஒளு முறியாது. குழந்தைக்குக் கால் கழுவிவிடும்போது அதன் மர்ம உறுப்பில் உள்ளங்கை நேரே பட்டால் ஷாபிஈயில் ஒளு முறியும். இடையில் துணி இருந்தால் முறியாது. ஹனபியில் எவ்விதத்திலும் முறியாது. மலஜலம் கழித்த டயபரோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தொழக்கூடாது, மாற்றிவிட்டுத் தூக்கலாம்.

தொழுகையில் அசைவதைப் பற்றியும் கேட்கிறார்கள். அடுத்தடுத்து மூன்று பெரிய அசைவுகள் நேர்ந்தால்தான் ஷாபிஈயில் தொழுகை முறியும். இடைவெளி விட்டு நேர்ந்தால் முறியாது. பார்ப்பவர் ‘இவள் தொழுகையில் இல்லை’ என்று எண்ணுமளவு அசைந்தால் முறியும் என்பது ஹனபி. பிள்ளை கிணற்றடிக்கோ அடுப்பை நோக்கியோ தவழ்ந்து போகுமானால், தொழுகையை முறித்துக்கொண்டு ஓடுவது கடமை. அங்கே ‘முடித்துவிட்டுப் போகலாம்’ என்று நிற்பது பக்தியாகாது.

பிள்ளைத்தீட்டைப் பற்றியும் ஒரு சொல். நாற்பது கழித்துத்தான் தொழவேண்டும் என்று பல வீடுகளில் எழுதாச் சட்டம் போல் இருக்கிறது. நாற்பது என்பது ஹனபியில் உச்ச வரம்பு. ஷாபிஈயில் உச்ச வரம்பு அறுபது. உதிரம் இருபதாம் நாள் நின்றுவிட்டால் இருபதாம் நாளே குளித்துத் தொழவேண்டும். நிபாஸ் நாட்களில் விட்ட தொழுகைக்குக் களா இல்லை. நின்றபிறகு விட்டதற்கு உண்டு.

ஆண்களுக்கும் இதில் பங்குண்டு. வீட்டில் இருக்கும்போது நபியவர்கள் குடும்பத்தாருக்கு ஊழியம் செய்துகொண்டிருப்பார்கள். தொழுகை நேரம் வந்ததும் வெளியே செல்வார்கள் என்று ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். பள்ளிவாசலுக்குப் புறப்படும் வாப்பாவோ அத்தாவோ பத்து நிமிடம் முன்னதாகப் பிள்ளையை வாங்கிக்கொண்டால் தாயின் பர்ளு நிறைவேறிவிடும். பால்குடி மறக்கடிப்பதைக்கூட இருவரும் கலந்துபேசிச் செய்யச் சொல்லும் பகரா அத்தியாயத்தின் 233ஆம் வசனம், பிள்ளையை முன்னிட்டுத் தாயை வருத்தக் கூடாதென்றும் விதிக்கிறது.

திரிகை அரைத்துக் கை காய்த்துப்போன பாத்திமா (ரலி) அவர்கள், வேலைக்கு ஆள் கேட்டுத் தம் தந்தையாரிடம் சென்றார்கள். சுவனத்துப் பெண்களின் தலைவியே ‘என்னால் முடியவில்லை’ என்று சொல்லப் போயிருக்கையில், நம் வீட்டுப் பெண் சொன்னால் அது ஈமான் குறைவா? நபியவர்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. இரவில் வீடு தேடி வந்து, படுக்கும்போது ஓத ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34 என்று கற்றுக்கொடுத்தார்கள். இதைப் படுத்தபடியே, பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஓதலாம்; ஒளுகூட நிபந்தனையில்லை.

களைப்பு முற்றி வாய் தவறும் நேரம்தான் அஞ்சத்தக்கது. ‘மவுத்தாப் போ’, ‘நாசமாப் போ’ என்று பெற்ற வாயாலேயே சொல்லிவிடுகிறோம். துஆ ஒப்புக்கொள்ளப்படும் நேரமாக அது அமைந்துவிடக்கூடும். ஆதலால் பிள்ளைகளுக்கு எதிராகப் பிரார்த்திக்க வேண்டாமென நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள். கோபத்தில் நிற்பவர் உட்காரவேண்டும் என்பதும் அவர்கள் காட்டிய வழியே. கை ஓங்குமுன் தரையில் உட்கார்ந்து பாருங்கள். பாதிக் கோபம் அங்கேயே தணியும்.

சேர்ந்துபோன களாக்களுக்காக மலைக்க வேண்டாம். உத்தேசமாக ஒரு கணக்கிட்டு, ஒவ்வொரு பர்ளுக்குப் பின்னும் அதே வக்தின் களா ஒன்றைத் தொழுது, சுவர்க் காலண்டரில் ஒரு கோடு போட்டு வாருங்கள். பிள்ளை அழுத நாளில் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு கோடு.