மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பின் வயிற்றுப்போக்கா? கடை மாத்திரை வேண்டாம்!

உங்க வீட்டில் ஒருவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை நல்லபடியா முடிஞ்சு, வீட்டுக்கும் வந்தாச்சு. ரெண்டு மாசம் கழிச்சு திடீர்னு வயிற்றுப்போக்கு. "சாப்பாடு ஒத்துக்கல, மெடிக்கல்ல மாத்திரை வாங்கிக்கலாம்" என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்க.

ஏன் கவனம் தேவை?

புதிய மஜ்ஜை வேலை செய்யத் தொடங்கினாலும், நோய் எதிர்ப்புச் சக்தி முழுமையாகத் திரும்பப் பல மாதங்கள் ஆகும். நமக்கு இரண்டு, மூன்று நாளில் சரியாகிவிடும் நோரோ வைரஸ் தொற்று, இவர்களுக்கு வாரக்கணக்கில் நீடிக்கலாம். உடலில் ஏற்கெனவே அடங்கிக் கிடந்த சி.எம்.வி. வைரஸும் குடலைத் தாக்கலாம்.

ஒரே அறிகுறி, எதிரெதிர் சிகிச்சை

பிறர் தந்த மஜ்ஜை என்றால், அந்தச் செல்களே நோயாளியின் குடலைத் தாக்குவதும் உண்டு. அதற்கு ஸ்டீராய்டு கொடுத்து எதிர்ப்புச் சக்தியை அடக்குவார்கள். வைரஸ் என்றால், அடக்கும் மருந்துகளை முடிந்தவரை குறைக்கப் பார்ப்பார்கள். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான்! அதனால்தான் மலத்தில் பி.சி.ஆர். பரிசோதனையும், தேவைப்பட்டால் குடல் திசுப் பரிசோதனையும் செய்கிறார்கள்.

என்ன சிகிச்சை?

சி.எம்.வி.க்கு கான்சைக்ளோவிர் மருந்தை நரம்பு வழியே ஏற்றுவார்கள். இது வெள்ளை அணுக்களைக் குறைக்கக்கூடும் என்பதால் அடிக்கடி ரத்தப் பரிசோதனை நடக்கும். நோரோ வைரஸுக்குத் தனி மருந்து இல்லை. நீர்ச்சத்து, உப்புச்சத்து, ஊட்டச்சத்து குறையாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம். ஆன்டிபயாடிக் மாத்திரை வைரஸை ஒழிக்காது.

நீங்கள் செய்ய வேண்டியவை

• அன்றைக்கே சிகிச்சை பெற்ற மருத்துவமனையை அழையுங்கள். மருந்துகளை நீங்களாக நிறுத்தாதீர்கள்.
• காய்ச்சல், மலத்தில் ரத்தம், தலைச்சுற்றல், சிறுநீர் குறைவு இருந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.
• சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். நோரோ வைரஸுக்கு சானிடைசர் மட்டும் போதாது.
• வீட்டில் கைக்குழந்தைக்கு ரோட்டா சொட்டு மருந்து போட்டிருந்தால், நோயாளி டயாப்பர் மாற்ற வேண்டாம். அதற்காகக் குழந்தையின் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீங்க.

மஜ்ஜை மாற்று சிகிச்சை முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இருக்கிறது. தொடர் சிகிச்சைச் செலவு பற்றி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். பொதுவான ஆலோசனைக்கு 104.

இப்போ கையில் போன் இருக்குல்ல? மருத்துவமனை வார்டு நம்பரை இப்பவே சேமிச்சு வைங்க.