வாவலும் தீநுண்மியும்

நுழையும்முன்

நோய்க்கிருமியைத் தன் உடலில் சுமந்தும் தான் நோயுறாத உயிரினத்தை இயற்கை ஓம்புயிர் என்பர். வௌவால் அத்தகையது. அதனிடம் அமைதியாகத் தங்கியிருக்கும் தீநுண்மி மனிதரை அடைவது எப்போது என்பதை இப்பாடம் ஆராய்கிறது.

கோயம்புத்தூர் மாவட்டத்தின் கிட்டாம்பாளையத்தில் தீபாவளியன்று வெடியோசை எழுவதில்லை. மரங்களில் தலைகீழாகத் தொங்கும் பழந்தின்னி வௌவால்கள் வெருண்டு பறந்துவிடக் கூடாதென்று அவ்வூர் மக்கள் பல ஆண்டுகளாகப் பட்டாசைத் தவிர்த்து வருகின்றனர். பாலக்காட்டுக் கணவாய்க்கு மேற்கே நிலைமை வேறு. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிராப் பகுதியில் நிபா நோய் தோன்றியது முதல், வௌவால் என்ற சொல்லே அங்கு அச்சம் தருவதாயிற்று. அரசுக் கணக்கின்படி அவ்வாண்டில் 17 பேர் உயிரிழந்தனர். நோயாளியரைப் பேணிய செவிலியர் லினியும் அவர்களுள் ஒருவர். 2025ஆம் ஆண்டில் கோவையின் அண்டை மாவட்டமான பாலக்காட்டிலும் நிபா கண்டறியப்பட்டது. வாளையாற்றுச் சோதனைச் சாவடியில் பயணியரின் உடல்வெப்பத்தைச் சோதிக்கலாம்; இரவில் வானில் கடக்கும் வௌவாலை யார் நிறுத்துவது?

பேராம்பிராவில் முதலில் ஐயத்திற்கு உள்ளானவை, நோயுற்ற குடும்பத்தின் கிணற்றில் வாழ்ந்த வௌவால்கள். அவை பூச்சியுண்ணும் இனம். அவற்றில் தீநுண்மி இல்லை. பின்னர் அப்பகுதியில் பிடிக்கப்பட்ட 52 பெரும் பழந்தின்னி வௌவால்களுள் 10இல் நிபாவின் தடயம் கிடைத்தது. உலகிலுள்ள 1,400க்கும் மேற்பட்ட வௌவால் இனங்களை ஒரே தட்டில் வைத்து எடைபோடுதல் பிழை என்பதற்கு இதுவே சான்று.

நோயுறாமையின் மறைபொருள்

பாலூட்டிகளுள் சிறகடித்துப் பறக்க வல்லது வௌவால் ஒன்றே. பறத்தலுக்குப் பேராற்றல் வேண்டும். அப்போது அதன் உடல்வெப்பம் 40 பாகை செல்சியசை எட்டும். அத்தகு உழைப்பில் செல்கள் சிதைந்து மரபுப்பொருளின் துணுக்குகள் வெளிப்படும். பிற பாலூட்டிகளில் இத்துணுக்குகள் எதிரி புகுந்ததற்கான அறிகுறியாகக் கொள்ளப்பட்டு, அழற்சியைத் தூண்டும். ஒவ்வோர் இரவும் பறக்கும் உயிரினத்திற்கு ஒவ்வோர் இரவும் அழற்சி எழுந்தால் அது பிழைப்பது எங்ஙனம்? ஆகவே, படிமலர்ச்சியின் போக்கில் வௌவாலிடம் அந்தத் தூண்டல் தணிந்துபோயிற்று என்று அறிவியலார் கருதுகின்றனர். அதேவேளையில், தீநுண்மியின் பெருக்கத்தைத் தடுக்கும் இன்டர்பெரான் என்னும் புரதம் சில இனங்களின் உடலில் எப்போதும் சிறிதளவு சுரந்தவண்ணம் இருக்கிறது. இதனால் தீநுண்மி முற்றிலும் அழிவதுமில்லை, வௌவாலைக் கொல்வதுமில்லை. மனித உடலுக்கு இந்தப் பழக்கம் இல்லை. நிபா புகுந்தால் மூளையழற்சி உண்டாகிறது.

இடம்பெயரும் ஆபத்து

1998ஆம் ஆண்டில் மலேசியாவில் நிபா முதன்முதலாக வெளிப்பட்டபோது, பன்றிப் பண்ணைகளை ஒட்டிப் பழமரங்கள் வளர்க்கப்பட்டிருந்தன. வௌவால் கடித்து உதிர்த்த கனியைப் பன்றிகள் உண்டன. பன்றிகளிடமிருந்து நோய் பண்ணையாளரைப் பற்றியது. வங்கதேசத்திலோ, இரவில் பானை கட்டி இறக்கும் ஈச்சம்பதநீரில் வௌவாலின் எச்சிலும் சிறுநீரும் கலந்தன. பானையின் வாயை மூங்கில் தட்டியால் மறைப்பது அங்கு எளிய தடுப்பாயிற்று. ஆஸ்திரேலியாவில் எண்ட்ரா என்னும் உறவுத் தீநுண்மியை ஆராய்ந்தோர் மற்றோர் உண்மையைக் கண்டனர். காடழிந்து உணவு குன்றும் காலத்தில் வௌவால்கள் ஊர்ப்புறங்களுக்கு வருகின்றன. அப்போது அவை வெளியேற்றும் தீநுண்மியும் மிகுகிறது. மரத்தை வெட்டி வௌவாலை விரட்டுவது அச்சத்தைத் தணிக்கலாம். ஆபத்தைப் பெருக்கவும் கூடும். உதிர்ந்த பழத்தில் பற்குறி இருந்தால் அதை உண்ணாது விலக்குவதும், பழங்களைக் கழுவி உண்பதும் செலவில்லாக் காப்புகள். ஆயினும் பேராம்பிராவில் பெரும்பாலோரை நோய் பற்றியது மனிதரிடமிருந்தே, அதிலும் குறிப்பாக மருத்துவமனைகளில் என்பது மறக்கத்தக்கதன்று.

உள்ளூர் மாமரத்தில் உறங்கும் வாவல் காட்டு நெல்லியின் புளிப்பைக் கனவில் சுவைப்பதாக நற்றிணையில் ஒரு காட்சி உண்டு. சட்டம் அவ்வளவு கனிவோடு நோக்கவில்லை. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பழந்தின்னி வௌவால்களைக் காகத்தோடும் எலியோடும் சேர்த்துத் தீங்குயிர்ப் பட்டியலில் வைத்தது; அவற்றைக் கொல்லத் தடை இருக்கவில்லை. 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அப்பட்டியலையே நீக்கிவிட்டது.