ஒரு போதைக்கு இன்னொரு போதையா?



திருகோணமலைத் துறைமுகத்தை அண்டி வாழும் நமக்கு ஹெரோயின் புதிய பேச்சல்ல. 1980களில் இலங்கையில் பரவத் தொடங்கிய இத்தூள், வலை இழுக்க வேண்டிய எத்தனையோ கைகளை முடக்கியிருக்கிறது.

இதற்கு மருந்து உண்டு என்றால், "ஒரு போதைக்கு இன்னொரு போதையா?" என்கிறோம். நியாயமான கேள்விதான், மெதடோனும் அபின் இனத்து மருந்தே. ஆனால் வைத்தியர் அளந்து கொடுக்கும் ஒரு வேளை மருந்து ஏறக்குறைய ஒரு நாள் முழுவதும் தவிப்பை அடக்கும். அளவு சீராகிவிட்டால் மயக்கம் இராது. தூளுக்காக வீட்டுப் பாத்திரத்தை விற்றவன் மெல்லத் தொழிலுக்குத் திரும்பலாம்.

நம்மைப் போலவே துறைமுகத்தால் வாழும் ஹொங்கொங்கில் 1970களிலேயே மெதடோன் நிலையங்கள் திறக்கப்பட்டன. வாயால் அருந்தும் மருந்தாகையால் ஊசிக்கு வேலை குறைந்தது. பின்னர் எயிட்ஸ் கிருமி வந்தபோதும் அங்கே ஊசி போடுவோரிடையே அது பெரிதாகப் பரவவில்லை. பிரான்சில் 1995க்குப் பின் சாதாரண வைத்தியர்களே புப்ரெனோர்பின் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அளவு மீறிய சாவுகள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு குறைந்தன.

பெற்றோரே, சிறையிலோ புனர்வாழ்வு நிலையத்திலோ சில மாதம் இருந்து திரும்பும் பிள்ளையின் உடல் பழைய அளவைத் தாங்காது. மறுபடி எடுத்தால் அன்றே உயிர் போகலாம். ஆகவே, வீடு வந்த முதல் வாரத்திலேயே அவனை மனநல வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். மருந்து தந்தால், "எப்போது நிறுத்துவது?" என்று அவசரப்படுத்தாதீர்கள்.