லிப்பிட் படலமும் மின் அளவீடும்: தவறான நம்பிக்கைகள் சில

செல் சவ்வைப் பற்றி நமக்குத் தெரிந்ததெல்லாம் மின்னணு நுண்ணோக்கி காட்டியது என்றே பலரும் நினைக்கிறார்கள். பாடநூலில் அச்சாகும் அந்த இரட்டைக் கோட்டுப் படம் மனத்தில் பதிந்துவிடுகிறது. ஆனால் சவ்வின் தடிமனை முதலில் சொன்னது மின்சாரம்தான். அந்த நுண்ணோக்கி பிறப்பதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே, 1925இல், ஹ்யூகோ ஃப்ரிக்கே இரத்தச் சிவப்பணுக்கள் மிதக்கும் திரவத்தில் மாறுதிசை மின்னோட்டத்தைச் செலுத்திப் பார்த்தார். சவ்வின் மின்தேக்குத்திறன் சதுர சென்டிமீட்டருக்கு 0.81 மைக்ரோஃபாரட் என்று கண்டார். மின்தேக்கியின் இரு தட்டுகளும் நெருங்க நெருங்கத் தேக்குத்திறன் கூடும். இடையில் இருப்பது எண்ணெய் போன்ற பொருள், அதன் மின்காப்பு மாறிலி 3 என்று வைத்துக்கொண்டால், தடிமன் 3.3 நானோமீட்டர் என்று வருகிறது. லிப்பிட் இரட்டைப் படலத்தின் நீரை ஒதுக்கும் உட்பகுதி ஏறக்குறைய 3 நானோமீட்டர் என்றுதான் இன்றும் சொல்கிறோம். ஃப்ரிக்கேயின் கணக்கைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

இவ்வளவு மெல்லிய கொழுப்புப் படலம் மின்சாரத்தைக் கசியவிடும் என்பது அடுத்த நம்பிக்கை. இதைச் சோதிக்க வழி செய்தவர்கள் பிலடெல்பியாவில் பணியாற்றிய பால் முல்லர், டொனால்ட் ரூடின் குழுவினர். மூளையிலிருந்து பிரித்த லிப்பிடுகளைக் கரைப்பானில் கலந்து, உப்பு நீருக்குள் இருந்த ஒரு தடுப்பின் சிறு துளையில் தூரிகையால் பூசினார்கள். 1962இல் அந்த முறையை வெளியிட்டார்கள். பூசிய படலம் வண்ணங்கள் காட்டி, மெலிந்து, கடைசியில் கறுப்பாகிவிடும். கறுப்புச் சாயம் எதுவும் அதில் இல்லை. முன்பரப்பிலிருந்தும் பின்பரப்பிலிருந்தும் திரும்பும் ஒளியலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. இரண்டே மூலக்கூறுகளின் தடிமனுக்கு மெலிந்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். இப்படிப்பட்ட படலத்தின் மின்தடை ஒரு சதுர சென்டிமீட்டருக்குப் பத்துக் கோடி ஓம் அளவுக்குப் போகும். கணவாய் மீனின் நரம்பிழைச் சவ்வில் அதே பரப்புக்கு ஏறக்குறைய ஆயிரம் ஓம்தான். வெறும் கொழுப்பு அருமையான காப்பு. கசிவது உயிருள்ள சவ்வுதான்! நீர் மூலக்கூறு ஓரளவு எளிதாகவே கொழுப்பைக் கடக்கும். மின்னூட்டம் உள்ள அயனியோ தன்னைச் சூழ்ந்த நீரை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் புக வேண்டும். அதற்கு ஆகும் ஆற்றல் மிகப் பெரிது.

'வெறும் 70 மில்லிவோல்ட்' என்று செல்லின் மின்னழுத்தத்தை எளிதாக எண்ணுவதும் உண்டு. அது 5 நானோமீட்டருக்குள் விழும் அழுத்தம். மீட்டர் கணக்கில் பார்த்தால் 1.4 கோடி வோல்ட் மின்புலம். மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்டிலேயே காற்று தாங்காமல் பொறி பறக்கும். இவ்வளவு பெரிய மின்புலத்துக்கு ஏராளமான அயனிகள் இடம்பெயர வேண்டும் என்று தோன்றலாம். அதுவும் சரியல்ல. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள ஒரு செல்லில் இருக்கும் பொட்டாசியத்தில் ஏறக்குறைய 60,000இல் ஒரு பங்கு வெளியேறினாலே போதும்.

நரம்புத் துடிப்பின்போது சவ்வு முழுதுமே சற்று நேரம் சிதைந்து திறந்துவிடுகிறது என்ற கருத்து ஒரு காலத்தில் அறிவியலாளர்களிடமே இருந்தது. 1939இல் கோல், கர்ட்டிஸ் இருவரும் கணவாய் நரம்பிழையில் அளந்தபோது, துடிப்பின் உச்சத்தில் கடத்துதிறன் 40 மடங்கு கூடியது. மின்தேக்குத்திறனோ 2 விழுக்காடு அளவே மாறியது. கொழுப்பு அப்படியே இருக்கிறது, அதன் மிகச் சிறிய பகுதிகளில்தான் வழி திறக்கிறது என்று இதற்குப் பொருள். அந்த வழி ஒன்றைத் தனியாகப் பார்க்கச் செயற்கைப் படலமே உதவியது. 1970இல் ஹ்லாட்கி, ஹேடன் இருவரும் கிராமிசிடின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைப் படலத்தில் மிகக் குறைவாகச் சேர்த்தார்கள். மின்னோட்டம் படிப்படியாகத் தாவி ஏறி இறங்கியது. ஒவ்வொரு படியும் ஒரு வழி திறந்து மூடுவது. நொடிக்கு ஒரு கோடி அயனிகள் கடந்தாலும் அந்த மின்னோட்டம் 1.6 பிக்கோஆம்பியர்தான். சுற்றியுள்ள கொழுப்பு அவ்வளவு நல்ல காப்பாக இல்லாவிட்டால் அது இரைச்சலில் மறைந்திருக்கும்.

அதற்காகப் படலமும் செல் சவ்வும் ஒன்றே என்று கொள்ளக் கூடாது. பூசிச் செய்த படலத்தில் டெக்கேன் போன்ற கரைப்பான் தங்கிவிடுவதால் அது தடித்து, தேக்குத்திறன் 0.4 மைக்ரோஃபாரட் அளவுக்குக் குறையும். 1972இல் மொண்டல், முல்லர் இருவரும் நீர்ப்பரப்பில் பரப்பிய இரு ஒற்றைப் படலங்களை ஒட்டவைத்தபோதுதான் அந்த அளவு உயிர்ச் சவ்வை நெருங்கியது. அப்போதும் புரதம் இல்லை. பல சவ்வுகளின் எடையில் பாதி புரதம்.

மின்னோட்டத்தில் படி தெரிந்தாலே அங்கே ஒரு புரத வழி இருக்கிறது என்ற முடிவுக்கு வந்துவிடுவதுதான் ஆய்வகத்தில் மிகவும் தொல்லை தரும் பிழை. எதுவும் சேர்க்காத லிப்பிட் படலமே, உறைநிலைக்கும் இளகுநிலைக்கும் இடைப்பட்ட வெப்பநிலையில், அச்சு அசலாக அதே போன்ற படிகளைக் காட்டும். அந்தோனவ் குழு 1980இல் இதைப் பதிவு செய்தது. எனவே புரதத்தைச் சேர்க்கும் முன் வெறும் படலத்தை அதே உப்புக் கரைசலில், அதே வெப்பநிலையில், அதே மின்னழுத்தத்தில் போதிய நேரம் வைத்துப் பார்க்க வேண்டும். அப்போதே படிகள் தென்பட்டால் அந்தப் படலத்தை உடைத்துவிட்டுப் புதிதாகச் செய்வதுதான் முறை.