இரண்டு கேபிள் போட்டும் வேகம் ஏறவில்லையா?

சர்வர் நிர்வாக வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறவர்கள் இந்தக் கேள்விக்குத் தயாராக இருப்பது நல்லது: "லினக்ஸ் சர்வர் ஒன்றில் இரண்டு 1 ஜிகாபிட் போர்ட்டுகளைப் பாண்டிங் செய்திருக்கிறோம். ஆனாலும் பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்தால் நொடிக்கு 110 மெகாபைட்டைச் சுற்றியே நிற்கிறது. ஏன்?" கேபிளை மாற்றிப் பார்க்கிறேன் என்று ஆரம்பித்தால் வேலை கை நழுவ வாய்ப்பு அதிகம். அங்கே எதுவும் பழுதாகவில்லை. அந்த அமைப்பு வேலை செய்யும் விதமே அதுதான்.

பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டும் இந்த முறைக்கு ஐஇஇஇ அமைப்பு 2000இல் 802.3ஏடி என்ற தரவிதியை வெளியிட்டது; 2008இல் அது 802.1ஏஎக்ஸ் என்ற எண்ணுக்கு மாறியது. எந்தப் பாக்கெட்டை எந்தக் கேபிளில் அனுப்புவது என்பதை அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. ஒரே உரையாடலின் பாக்கெட்டுகள் வரிசை குலையாமல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். வரிசை குலைந்தால் என்ன ஆகும்? டிசிபி தப்பாகப் புரிந்துகொள்ளும். எதிர்முனையிலிருந்து ஒரே ஒப்புகை மூன்று முறை திரும்பத் திரும்ப வந்தால், பாக்கெட் தொலைந்துவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். இந்த வம்பைத் தவிர்க்கத்தான் இயங்குதளங்கள் ஓர் உரையாடலை ஒரே கேபிளில் வைத்திருக்கின்றன. முகவரிகளிலிருந்து ஒரு ஹாஷ் எண்ணைக் கணக்கிட்டு, அதைக் கேபிள்களின் எண்ணிக்கையால் வகுத்து, மீதியைப் பார்த்துக் கேபிளைத் தேர்கின்றன. எந்தக் கேபிளில் நெரிசல் என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை.

எந்த முகவரிகள் அந்தக் கணக்கில் சேர்கின்றன என்பதில்தான் உங்கள் வேலை இருக்கிறது. லினக்ஸ் பாண்டிங்கின் இயல்புநிலை 'லேயர்2'. அனுப்புபவரின் மேக் முகவரி, பெறுபவரின் மேக் முகவரி, பாக்கெட் வகை, இவை மட்டுமே கணக்கில் வரும். சர்வரும் பயனர்களும் ஒரே சப்நெட்டில் இருந்தால் இது ஓரளவு ஒப்பேறும். ஆனால் பெரும்பாலான அலுவலகங்களில் பயனர்கள் வேறு சப்நெட்டில் இருக்கிறார்கள். சர்வரிலிருந்து கிளம்பும் எல்லாப் பாக்கெட்டும் கேட்வே வழியாகவே போகின்றன. அப்படியானால் பெறுபவரின் மேக் முகவரி எப்போதும் கேட்வேயுடையதுதான். ஆயிரம் பேர் இணைந்திருந்தாலும் ஹாஷ் ஒன்றே, கேபிளும் ஒன்றே. இரண்டாவது போர்ட்டின் விளக்கு சும்மா மினுங்கிக்கொண்டிருக்கும்.

'லேயர்2+3' என்று மாற்றினால் ஐபி முகவரிகளும் கணக்கில் சேரும். பயனர்கள் இரு கேபிள்களுக்கும் பிரிவார்கள். 'லேயர்3+4' போர்ட் எண்களையும் எடுத்துக்கொள்கிறது. அப்போது ஒரே பயனரின் பல இணைப்புகள்கூடப் பிரியும். இதில் ஒரு குறை உண்டு: துண்டாக்கப்பட்ட பாக்கெட்டுகளின் பின்துண்டுகளில் போர்ட் எண் இருக்காது, எனவே ஒரே உரையாடல் இரு கேபிளில் சிதறி வரிசை குலையக்கூடும். இந்த அமைப்பு 802.3ஏடிக்கு முழுமையாக இணங்கவில்லை என்று லினக்ஸ் ஆவணமே ஒத்துக்கொள்கிறது. டிசிபி மிகுந்த சர்வரில் துண்டாக்கம் அபூர்வம் என்பதால், என் ஓட்டு 'லேயர்3+4'க்கே. பெரிய யுடிபி பாக்கெட்டுகளை அனுப்பும் பயன்பாடு இருந்தால் யோசியுங்கள்.

மற்ற இயங்குதளங்கள் இந்த விஷயத்தில் தாராளம். ஃப்ரீபிஎஸ்டியின் பாண்டிங் வசதியான லாக் இயல்பாகவே மூன்று அடுக்கு முகவரிகளையும் கலக்கிறது. சோலாரிஸின் இயல்புநிலை நான்காம் அடுக்கு. விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2இல் வந்த 'டைனமிக்' முறை இன்னும் சாமர்த்தியமானது: உரையாடலின் நடுவே சிறு இடைவெளி விழும் நேரம் பார்த்து அதை வேறு கேபிளுக்கு மாற்றிவிடும். இடைவெளி இருப்பதால் வரிசையும் குலையாது.

இனி சோதனை. ஐபெர்ஃப் கருவியை முதலில் ஓர் இணைப்போடும், பிறகு எட்டு இணைப்புகளோடும் ஓட்டுங்கள். ஓடும்போது ஒவ்வொரு போர்ட்டின் பைட் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கவனியுங்கள். மொத்த வேகம் மட்டும் எதையும் சொல்லாது. இங்கே ஒரு சுவையான கதை உண்டு. 2015இல் லினக்ஸ் கெர்னலில் செய்த ஒரு மாற்றத்தால், வெளியே இணையும்போது இரட்டைப்படைப் போர்ட் எண்களுக்கு முன்னுரிமை வந்தது. ஐபெர்ஃப் ஒரே முகவரிக்கு எட்டு இணைப்பு திறந்தால் எட்டுக்கும் இரட்டைப்படை எண். ஹாஷின் கடைசி பிட் மாறவே இல்லை. இரண்டால் வகுத்தால் மீதியும் மாறவில்லை. 'லேயர்3+4' போட்டும் எல்லாம் ஒரே கேபிளில் போய் விழுந்தன! 2017இல்தான் அந்தக் கடைசி பிட்டைத் தள்ளிவிடும் திருத்தம் வந்தது. பழைய கெர்னல் ஓடும் சர்வரில் எண்கள் விசித்திரமாக இருந்தால் இதை நினைவில் வையுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். புராக் கோப்பகத்தில் நெட், அதற்குள் பாண்டிங் என்று போனால் உங்கள் பாண்டின் பெயரில் ஒரு கோப்பு இருக்கும். எந்த ஹாஷ் கொள்கை நடப்பில் இருக்கிறது என்பது அதில் தெரியும். அதிலேயே ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'அக்ரிகேட்டர் ஐடி' எழுதியிருக்கும். இரு போர்ட்டுகளுக்கும் வெவ்வேறு எண் இருந்தால், சுவிட்ச் அவற்றை ஒரே குழுவாகச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். ஹாஷைப் பற்றிப் பேசும் கட்டத்துக்கே நீங்கள் இன்னும் வரவில்லை.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது திசையில். சர்வரில் நீங்கள் மாற்றும் கொள்கை சர்வரிலிருந்து வெளியேறுவதை மட்டுமே ஆளும். உள்ளே வருவதைப் பிரிப்பது சுவிட்ச். அதற்கென்று தனி ஹாஷ் அமைப்பு இருக்கிறது. பேக்கப் சர்வருக்கு வரத்துதான் அதிகம். அதன் பாண்டிங் அமைப்பை எத்தனை முறை மாற்றினாலும் இரவு பேக்கப் ஒரு நிமிடம்கூட முன்னால் முடியாது. நெட்வொர்க் குழுவுக்கு டிக்கெட் போடும்போது "நெட்வொர்க் மெதுவாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். "சுவிட்சிலிருந்து சர்வருக்கு வரும் திசையில் முதல் போர்ட் நிரம்புகிறது, இரண்டாவது காலியாக இருக்கிறது, போர்ட் சேனலின் ஹாஷ் கொள்கையைச் சரிபார்க்கவும்" என்று எழுதி, எண்களை இணையுங்கள். அந்த டிக்கெட் திரும்பி வராது.

ஒரே பயனருக்கு 1 ஜிகாபிட்டுக்கு மேல் வேண்டும் என்று மேலாளர் வற்புறுத்தினால்? பாக்கெட்டுகளை மாற்றி மாற்றி அனுப்பும் ரவுண்ட் ராபின் முறை லினக்ஸில் இருக்கிறது. வரிசை குலையும் விலையைக் கொடுக்க வேண்டும் என்பதால் நான் பரிந்துரைக்க மாட்டேன். 10 ஜிகாபிட் கார்டு வாங்கச் சொல்வதே நேர்மையான பதில். பணம் இல்லையென்றால், மேலடுக்கிலேயே பல இணைப்புகளைத் திறக்கும் வசதிகளைப் பாருங்கள்: விண்டோஸில் எஸ்எம்பி மல்டிசேனல், லினக்ஸ் 5.3 முதல் என்எஃப்எஸ்ஸின் என்கனெக்ட், ஐஸ்கஸிக்கு மல்டிபாத். என்கனெக்டோடு 'லேயர்3+4' நன்றாகச் சேரும்.

மேலாளரிடம் "2 ஜிகாபிட் கிடைக்கும்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "பலர் சேர்ந்து பயன்படுத்தினால் 2 வரை போகலாம், ஒரு இணைப்புக்கு 1தான், ஒரு கேபிள் அறுந்தாலும் வேலை நிற்காது" என்று சொல்லுங்கள். நாளை அலுவலகம் போனதும் உங்கள் பாண்டிங் கோப்பைத் திறந்து பாருங்கள். பயனர்கள் கேட்வேக்கு அப்பால் இருந்து, அதில் 'லேயர்2' என்று எழுதியிருந்தால், அடுத்த பராமரிப்பு நேரத்துக்கு மாற்றக் கோரிக்கை ஒன்றை எழுதிவிடுங்கள். சுவிட்ச் பக்கத்தையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள்.