காவல் நாய் இருமுகிறதா?

விக்கிரவாண்டி வட்டாரத்தில் நெல், கரும்பு, நிலக்கடலை பயிரிடும் சிறு விவசாயிகள் பலர் மோட்டார் கொட்டகைக்கும் ஆட்டுப்பட்டிக்கும் காவலாக நாய் வளர்க்கின்றனர். மாடு தீனி எடுக்காவிட்டால் அன்றே கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்பவர்கள்கூட, நாய் இருமினால் "எலும்பு சிக்கியிருக்கும்" என்று விட்டுவிடுவதுண்டு. சிலர் வாயைப் பிளந்து தொண்டைக்குள் விரலை விட்டும் பார்க்கின்றனர். இது மிகவும் ஆபத்தான பழக்கமாகும்.

எல்லா இருமலும் கொடியதன்று. பல நாய்கள் கூடும் இடத்திலிருந்து தொற்றும் ஒருவகை இருமலில், நாய் வறட்சியாகச் செருமி, முடிவில் வெண்ணுரை கக்கும். இரை நன்றாகத் தின்று, வழக்கம்போல் ஓடியாடினால் இரண்டொரு நாள் பொறுத்துப் பார்க்கலாம். பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரங்களில் தானே குணமாகும். இக்காலத்தில் கழுத்துப்பட்டையை இறுக்கிக் கட்டாமலும், அடுப்புப் புகையில் படுக்க விடாமலும், பிற நாய்களோடு சேர விடாமலும் பார்த்துக்கொள்வது நலம். இருமல் ஒரு வாரத்தில் குறையத் தொடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

குட்டி நாய் இருமினால் காத்திருக்கக் கூடாது. இருமலோடு காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் கெட்டியான சீழ், கழிச்சல் ஆகியவை சேர்ந்தால் அது டிஸ்டெம்பர் என்னும் நச்சுயிரி நோயாக இருக்கக்கூடும். பின்னர் வலிப்பு கண்டு குட்டி இறந்துபோவதும் உண்டு. வயதான நாய் இரவில் படுத்தவுடன் இருமினாலோ, சிறிது தூரம் நடந்ததும் இளைத்தாலோ இதயக் கோளாறு இருக்கலாம். அது அயர்ந்து தூங்கும்போது மூச்சை எண்ணிப் பார்க்கலாம். நிமிடத்துக்கு 30-க்கு மேல் தொடர்ந்து இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஈறு நீலம் பாய்ந்தோ வெளுத்தோ இருந்தாலும், இருமலில் இரத்தம் வந்தாலும், வாயைத் திறந்தபடி மூச்சுக்குத் திணறினாலும் அந்த நிமிடமே புறப்பட வேண்டும். பூச்சிமருந்து தெளித்த வயலில் திரிந்த நாய் எச்சில் ஒழுக்கி, உடல் நடுங்கித் திணறினால் மருந்து டப்பாவையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.

இனி முக்கியமான செய்தி. வெறிநோய் கண்ட நாய் எப்போதும் சீறிப் பாய்ந்து கடிக்கும் என்பதில்லை. ஒருவகையில் நாய் சோர்ந்து, இருட்டில் ஒதுங்கிக் கிடக்கும். தொண்டைத் தசைகள் செயலிழப்பதால் விழுங்க முடியாது, கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறிக் கமறும். பார்ப்பவருக்கு அசல் எலும்பு சிக்கியதுபோலவே தோன்றும். நோய்க்கிருமியோ அந்த எச்சிலில்தான் உள்ளது. விரலில் சிறு கீறல் இருந்தாலும் போதும், அதன் வழியே உடலில் ஏறிவிடும். எனவே இந்த அறிகுறிகள் கண்ட நாயைத் தொடாமல், தூக்காமல், ஓர் அறையில் அடைத்துவிட்டு மருந்தகத்துக்குத் தகவல் தர வேண்டும். 1962 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் அழைக்கலாம். எலும்புதானா என்பதை மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

கையில் எச்சில் பட்டுவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் முதலியவற்றைப் பூசக் கூடாது. கீறலில் பட்டிருந்தாலும், கடி பட்டிருந்தாலும் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ செல்ல வேண்டும். நாய் சாகிறதா என்று 10 நாள் பார்த்துவிட்டுப் போகலாம் என்பது தவறு. மனிதருக்கு நோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதினும் அரிது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்கள் என்று அஞ்சித் தள்ளிப்போடும் பெரியவர்கள் இன்றும் உள்ளனர். அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டோடு நாட்டில் நிறுத்தப்பட்டுவிட்டது. இப்போது போடுவது கையில்தான். அதுவும் சில ஊசிகளே. அரசு மருத்துவமனையில் கட்டணமும் இல்லை.

இருமும் நாய்க்கு மிளகுக் கஷாயம் முதலியவற்றை மாட்டுக்குப் புகட்டுவதுபோல் மூங்கில் குழாயால் ஊற்றுவதும் தவறு. அது நுரையீரலுக்குள் இறங்கி வேறு நோயை உண்டாக்கும். வீட்டிலுள்ள பாராசிட்டமால் மாத்திரை நாய்க்கு நஞ்சாகக்கூடும்.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிறகு மருத்துவர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில் தொடர வேண்டும். ஊசி போட்ட அட்டையைப் பத்திரமாக வைத்திருந்து, நாய்க்கு இருமல் என்று செல்லும்போதும் எடுத்துச் சென்றால் மருத்துவருக்கு மிகவும் உதவியாக இருக்கும்.